காசு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆள்தான் வேண்டும்



போன சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மைதானத்தில் சாரணப் பிள்ளைகளுக்குக் கயிறு முடிச்சுப் பழக்கிக்கொண்டிருந்தோம். ஒரு வாப்பா மோட்டார் சைக்கிளை கேற்றடியில் நிறுத்தி, இறங்காமலே எங்களைக் கூப்பிட்டார். பொக்கட்டிலிருந்து ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"சேர், நிண்டு பாக்க எனக்கு நேரமில்ல. ஆனா நீங்க நல்ல வேல செய்யிறீங்க. இத வெச்சிக்கங்க."

வாங்கிக்கொண்டோம். பொய் சொல்லக் கூடாது, கயிறு வாங்க வேண்டியிருந்தது. அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தால் அவருடைய மகன் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறான். அன்று முப்பத்து நான்கு பேரும் போட்ட போலைன் முடிச்சுகளில் அவன் போட்டதுதான் திறம். அதை அவிழ்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், வாப்பாவுக்குக் காட்ட.

அந்தக் காட்சி மனதில் கிடந்து உறுத்துவதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பெற்றார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பாடசாலைச் சாரணர் குழு தொடங்கி மூன்று வருடம். நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பாக இருக்கிறோம். தரம் 6 முதல் 9 வரை 34 பிள்ளைகள், ஐந்து அணிகள். இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் எஃப்.ஜி. ஸ்டீவன்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து இன்று வரை இதில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அதைப் பற்றி நாங்கள் முறைப்பாடு சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கு நான்கு கண்கள்தான். அதற்குமேல் எங்களிடம் இல்லை.

அது போதாது என்று ஜூலை மாதம் நன்றாக விளங்கியது. இதை இதுவரை பொதுவில் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது சரியில்லை.

சிறுபோக வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம் பிள்ளைகளை வயல் பக்கமாக ஹைக் கூட்டிப் போனோம். 31 பிள்ளைகள், நாங்கள் இருவர். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ஒரு பிள்ளைக்குச் செருப்பு அறுந்துவிட, பின்னால் வந்தவர் அதைக் கட்டிக்கொடுக்கக் குனிந்த நேரத்தில் தரம் 7 பிள்ளை ஒன்று வெட்டு மெஷினைப் பார்க்க வரம்பில் இறங்கிவிட்டது. அடுத்த மதகடியில் எண்ணினோம். 30. இன்னொரு தடவை எண்ணினோம். 30. பக்கத்தில் வாய்க்கால், நிறையத் தண்ணீர்.

நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன ஓதினோம் என்று எங்களுக்கே தெரியாது. கடைசியில் அவன் ஒரு வாடியில் உட்கார்ந்து, வெட்டுக்கு வந்தவர்கள் கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டிருந்தான். "நீங்க வருவீங்க எண்டு தெரியும் சேர்" என்றான். எங்கள் இரண்டு பேருக்கும் கால் நடுக்கம் நிற்கவில்லை.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய் வாப்பாவிடமும் உம்மாவிடமும் சொன்னோம். உம்மா ஏசவில்லை, அழவும் இல்லை. "இனி அனுப்ப ஏலா சேர்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை எங்களுடையது. 31 பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் என்று கிளம்பியதே பிழை. அன்றைக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தோம்: பாடசாலைக்கு வெளியே கால் வைத்தால் எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஆள் இல்லையென்றால் பயணம் இல்லை. அதனால் ஓகஸ்ட் விடுமுறையில் வைக்க இருந்த பாசறை நடக்கவில்லை. பிள்ளைகளிடம் காசு போதவில்லை என்று சொன்னோம். அது உண்மை இல்லை. காசு இருந்தது, ஆள் இல்லை.

இப்போது வரவிருக்கிறவற்றுக்கு வருகிறோம்.

முதலாவதும் பெரியதும் தண்ணீர்.

2024 நவம்பர் 26ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெள்ளத்தின்போது வீடு திரும்பிய மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அகப்பட்டது. அந்த ஜனாஸாக்களில் நாங்களும் நின்றோம். அதற்கு அடுத்த நாட்களில் எங்கள் வகுப்புகளில் கதிரைகள் நிறைந்திருந்தும் சத்தம் இருக்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் பாடசாலை திறந்த பிறகு தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், எங்கள்ள எத்தின பேருக்கு நீந்தத் தெரியும்?" கையை உயர்த்தச் சொன்னோம். 34 பேரில் ஐந்து கைகள். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாடசாலை இது.

எங்கள் இருவரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அது யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள்.

இதற்கான காரணமும் நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்று எங்களிடம் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றாரில் பாதிப்பேர் எங்கள் வயதுக்காரர்தான். தம்பியைக் கொடுத்தவர்கள், உம்மாவைக் கொடுத்தவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூரமாக்கி வளர்த்தார்கள். ஒரு தாய் சொன்னார்: "கடலப் பாத்து வளந்தவ சேர் நான். இப்ப அந்தப் பக்கத்து ஜன்னலயும் தொறக்கிறல்ல." அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்ல? பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அந்தத் தண்ணி எத்தின அடி?"

மூன்றரை அடி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிற ஒரு சகோதரர் தன் நீச்சல் தடாகத்தை ஒக்டோபர் 4, 11, 18, 25 ஆகிய நான்கு சனிக்கிழமைகளிலும் காலை 6.30 முதல் 8.30 வரை இலவசமாகத் தருகிறார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. குளத்திலும் ஆற்றிலும் பழக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முதலை இருக்கிற தண்ணீரில் நாங்கள் பிள்ளைகளை இறக்க மாட்டோம். கடலில் பழக்கலாம்தான், ஆனால் தொடங்குகிற பிள்ளைக்கு அலை சரிவராது. மாரி இறங்கிவிட்டால் கடலும் குழம்பிவிடும். ஆகவே இந்த நான்கு சனிதான் கையில் இருக்கிறது.

தடாகக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: தண்ணீருக்குள் ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதுவும் நீச்சல் தெரிந்தவர். இதைவிட நியாயமான நிபந்தனையை நாங்கள் கேட்டதில்லை. 17 பேர் கொண்ட இரண்டு பிரிவாக இறக்குவோம். ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ளே மூவர். மேலே விசிலோடு ஒருவர், அவர் வேறு வேலை ஒன்றும் பார்க்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கேற்றடியில் இன்னொருவர். பிள்ளைகள் சோடி சோடியாக இறங்குவார்கள். விசில் அடித்ததும் சோடி கைகோர்த்து உயர்த்த வேண்டும். உயராத சோடி எது என்று பார்ப்பதுதான் மேலே நிற்கிறவரின் வேலை. அந்த வேலைக்கு நீச்சல் தேவையில்லை, எங்களில் நீச்சல் தெரியாதவர் அதைச் செய்வார்.

தண்ணீருக்குள் இறங்க இப்போது இருப்பது எங்களில் ஒருவர், கரைவலைக்குப் போகிற காக்கா ஒருவர். இரண்டு பேர். குறைந்தது இன்னும் நான்கு பேர் வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் எல்லாச் சனியும் கிடைக்காது. பெரிய நீச்சல் வீரர் தேவையில்லை. கடலில் ஆற்றில் நீந்திப் பழகிய கை கால் போதும். அந்தக் காக்காவிடம் போய்க் கேட்டபோது, "நான் ரெண்டாம் வகுப்புப் படிச்சவன், சேர்மாரோட நிண்டு என்னத்தப் படிச்சிக் குடுக்கிற" என்று கூச்சப்பட்டார். கல்விக் கல்லூரியில் மூன்று வருடம் இருந்த நாங்கள் ஒரு பிள்ளையை மல்லாக்க மிதக்க வைக்கத் தெரியாமல் நிற்கிறோம், அவர் ஒரு கையைப் பிடரியிலும் ஒரு கையை முதுகிலும் வைத்துப் பிடித்தால் பிள்ளை மிதக்கிறது. யார் ஆசிரியர்?

நான்கு வாரத்தில் நீச்சல் வீரர் வரப்போவதில்லை. எங்கள் இலக்கு சின்னது. உடுப்போடு தண்ணீரில் விழுந்தால் பதறாமல் மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்க வேண்டும். கரையைப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் தாழ்ந்தால் பின்னால் குதிக்கக் கூடாது. தடியை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை எறி, பெரியவரைக் கூப்பிடு. மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கேனில் கயிற்றைக் கட்டினால் எறிவதற்கு அதைவிட மலிவான மிதவை இல்லை. அதற்குத்தான் போலைன் முடிச்சு. இழுக்கும்போது அந்த வளையம் இறுகாது, உடம்பை நெரிக்காது. பிள்ளைகள் இத்தனை வாரமாகக் கயிற்றோடு மல்லுக்கட்டுவது விளையாட்டுக்கு இல்லை.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். நீச்சல் தெரிந்தால் வெள்ளத்தில் தப்பலாம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டோம். வேகமாக ஓடுகிற வெள்ளம் அரை அடி இருந்தாலே பெரிய ஆளை விழுத்தக்கூடியது, இரண்டு அடி வந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். வீதிக்கு மேலால் தண்ணீர் போனால் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஆனால் திரும்புவதா போவதா என்று முடிவு எடுப்பது பிள்ளைகள் இல்லை, நாம்தான். ஆகவே இந்தப் பாடத்துக்குப் பெரியவர்களும் வந்து உட்கார வேண்டும் என்று விரும்புகிறோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸுக்கு 1990, இந்த இரண்டு இலக்கத்தையும் இப்போதே போனில் போட்டுவையுங்கள்.

எங்கள் பிள்ளை ஒருவரின் உம்மா தாதி உத்தியோகத்தர். ஒக்டோபர் 12 ஞாயிறு காலை தாய்மாருக்கு மட்டும் பாடசாலையில் முதலுதவி காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. அது உதவாது, நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அமுக்க வேண்டும், 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. எழுத்தில் வாசித்து இது வராது. பொம்மையில் அமுக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியும். தயவுசெய்து வாருங்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வகுப்பறையில் இரண்டு ராத்தாமார் இருப்பார்கள்.

இரண்டாவது, பாசறை. ஒக்டோபர் 31 வெள்ளி ஜும்ஆ முடியக் கிளம்பி, நவம்பர் 2 ஞாயிறு லுஹருக்குத் திரும்புவோம். அம்பாறைப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலை வளவில், அந்தப் பாடசாலைச் சாரணரோடு சேர்ந்து. காட்டோரம் கூடாரம் அடிக்கலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். யானை சம்மதித்தால் அடிக்கலாம் என்று சொன்னோம். மதில் உள்ள வளவே போதும். தொழுகைக்கு ஒரு மண்டபம் ஒதுக்கித் தருவதாக அந்தப் பாடசாலைச் சாரண ஆசிரியர் நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார். சமையல் நம் பிள்ளைகள்தான், அணிக்கு ஓர் அடுப்பு. உம்மாமார் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்ப வேண்டாம். போன வருடம் பாடசாலை வளவில் வைத்த சமையலில் ஓர் அணி சோற்றைக் கருக்கி, அதையும் சாப்பிட்டுவிட்டு, திறமாக இருந்தது என்று சத்தியம் பண்ணியது. அந்தச் சந்தோசத்தைக் கெடுக்காதீர்கள்.

பாசறைக்கு இரவு தங்கக்கூடிய ஐந்து பெரியவர் வேண்டும். அவர்களில் ஒருவராவது சிங்களம் நன்றாகக் கதைக்கிறவராக இருந்தால் பெரிய உதவி, எங்கள் சிங்களம் பஸ்ஸுக்கு மட்டும் காணும். கூடாரம், பாத்திரம் ஏற்ற ஒரு சின்ன லொறி, வெள்ளியும் ஞாயிறும். ஐந்து பெரியவர் ஒக்டோபர் 18க்குள் சேராவிட்டால் பாசறையை நிறுத்துவோம். இந்தத் தடவை பிள்ளைகளிடம் உண்மைக் காரணத்தைச் சொல்வோம்.

மற்றவை சின்னச் சின்ன விசயங்கள். ஒக்டோபர் 19 ஞாயிறு காலை கடற்கரை துப்புரவு, யாரும் வரலாம், கையுறை தருவோம். சீருடை இல்லை என்று ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்க வேண்டாம், ஸ்கார்ப் மட்டும் போதும், அதைத் தைத்துத் தர ஒரு தையல்காரச் சகோதரி முன்வந்தால் துணி எங்களிடம் இருக்கிறது. மகன் வளர்ந்து சின்னதாகிப்போன சீருடை வீட்டில் கிடந்தால் கழுவி அனுப்புங்கள். "எங்களுக்கு இல்லையா?" என்று தங்கைமார் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் சாரணியம் இருக்கிறது, பொறுப்பெடுக்க ஓர் ஆசிரியை முன்வந்தால் அடுத்த வருடமே தொடங்கலாம். டீச்சர்மார் இந்தப் பதிவைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும், லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

டியூஷன் பற்றியும் ஒரு சொல். சனி காலை வகுப்பு போகும் என்று சில வீடுகளில் கவலை. நான்கு வாரம், 8.30க்கு முடிந்துவிடும், 9 மணி வகுப்புக்குத் தலை ஈரத்தோடு போய்ச் சேரலாம். தரம் 10க்கு வந்ததும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்று போகிறார்கள். மாவட்ட ஆணையாளர் விருது வரை வந்தவனும் அங்கே நின்றுவிடுகிறான். ஜனாதிபதி சாரணர் விருது என்று ஒன்று இருப்பதைக் கதையாகத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பரீட்சை முக்கியம், நாங்களும் ஆசிரியர்கள்தான். இருந்தாலும் கிழமையில் இரண்டு மணித்தியாலம்.

உதவிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஒழுங்குகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், பிறகு மனவருத்தம் வரக் கூடாது. எந்தப் பெரியவரும், நாங்கள் உட்பட, ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர். பிள்ளைகள் உடுப்பு மாற்றும் இடத்துக்குள் யாரும் போக வேண்டாம். நீச்சல் நேரத்தில் போட்டோ எடுப்பது இல்லை, பேஸ்புக்கில் போடுவதும் இல்லை. அடையாள அட்டைப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் தர வேண்டும். ஊரில் தெரிந்த ஆளிடமே இதையெல்லாம் கேட்கிறார்களா என்று ஒருவர் கோபப்பட்டார். தெரிந்த ஆளிடமும் கேட்போம். உங்கள் பிள்ளைக்காகத்தான் கேட்கிறோம்.

நீச்சல் கற்றுக்கொடுப்பது பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். இந்த வாரம் கதீப் அவர்களிடம் அறிவித்தலாகவும் சொல்லக் கேட்டிருக்கிறோம், சம்மதித்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற வாப்பாமார் பலர் வட்ஸ்அப்பில் காசு அனுப்பவா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வழி இல்லை, விளங்குகிறது. உங்களுக்காக ஒரு மாமாவை, ஒரு சாச்சாவை அனுப்பி வையுங்கள். அவர் உங்கள் மகனின் பெயரைச் சொல்லி, "இவன்ட ஆள் நான்" என்று வந்து நின்றால் போதும்.

ஜூலையில் காணாமல் போன பிள்ளை இன்னும் குழுவுக்கு வருவதில்லை. ஆனால் சனி பின்னேரங்களில் மதிலோரம் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பார்க்கிறான். போன கிழமை அவனுடைய வாப்பா எங்களைக் கடைத்தெருவில் கண்டு, "எத்தின பேர் சேந்திட்டாங்க சேர்?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னோம். "ஆள் சேந்தா சொல்லுங்க, அவன்ட உம்மாவோட கதைச்சிப் பாக்கன்" என்றார். அவருக்கு நல்லாக நீந்தத் தெரியும் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். இந்தப் பதிவை அவருக்கும் அனுப்புகிறோம்.

வருகிற 27ஆம் திகதி சனிக்கிழமை அஸர் முடிய, பாடசாலை மைதானத்தில், வேப்ப மரத்தடியில் ஒன்றுகூடல். அரை மணித்தியாலம்தான். யார் எந்தச் சனி, யார் எந்த வேலை என்று அங்கேயே எழுதிக்கொள்வோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வாருங்கள். மகன் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுவான். பிளேன்டி இருக்கும், வடை வந்தால் வரும்.